தேம்ஸ் அன்னங்கள்: விருந்து மேசையிலிருந்து சிகிச்சை மேசைக்கு

1985-ல் தேம்ஸ் நதியில் அன்னங்களை எண்ணப் படகேறிப் போனவர்கள், லண்டனுக்கும் ஹென்லிக்கும் இடையே குடும்பம் நடத்தும் ஜோடிகள் ஏழே ஏழுதான் இருக்கக் கண்டார்கள். அதே ஆற்றில் 1956-ல் எண்ணியபோது 1,300-க்கும் அதிகமான அன்னங்கள் கணக்கில் வந்திருந்தன. முப்பதே ஆண்டுகளில் இந்த வீழ்ச்சி. ஆறு வற்றிவிடவில்லை. தண்ணீரும் முன்பைவிட மோசமாகிவிடவில்லை. 1957-ல் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் அறிவியலாளர்கள் உயிரற்றதென்று சொன்ன லண்டன் தேம்ஸுக்கு, எழுபதுகளிலேயே மீன்கள் திரும்பத் தொடங்கியிருந்தன. அன்னத்தை வேட்டையாடுவோரும் இல்லை. இருந்தும் அந்தப் பெரிய வெள்ளைப் பறவை ஆற்றைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது.

இன்று விண்ட்சர் கரைக்கோ கிங்ஸ்டன் பாலத்தடிக்கோ போகிறவர்கள் அன்னக்கூட்டத்தைத் தேட வேண்டியதில்லை. படித்துறையில் கால் வைத்ததும் அவையே நீந்தி வருகின்றன. இந்தத் திருப்பத்தில் சட்டத்துக்குப் பங்கு உண்டு, பல்கலைக்கழக ஆய்வுக்குப் பங்கு உண்டு. அவற்றோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய இன்னொரு தரப்பும் உண்டு. கரையில் கழுத்து சரிந்து கிடந்த பறவையைப் போர்வையில் சுற்றித் தூக்கிப்போய், சம்பளமோ பட்டமோ எதிர்பாராமல் பிழைக்கவைத்த மனிதர்கள் அவர்கள். அன்னத்துக்கும் மனிதருக்கும் இந்த ஆற்றில் இருந்த உறவு எண்ணூறு ஆண்டுகளாக உடைமை உறவு. அது பராமரிப்பு உறவாக மாறியது நம் கண்முன்னே, ஒரே தலைமுறைக்குள்.

அன்று: யாருடைய பறவை?

பன்னிரண்டாம் நூற்றாண்டிலிருந்தே இங்கிலாந்தின் திறந்த நீர்நிலைகளில் அடையாளக்குறி இல்லாத அன்னம் எதுவானாலும் அது அரசருக்குச் சொந்தம் என்ற வழக்கம் இருந்து வருகிறது. மற்றவர்கள் வைத்துக்கொள்ள வேண்டுமானால் அரசரின் அனுமதி வேண்டும். 1482-ல் வந்த சட்டம் அதையும் இறுக்கியது. ஆண்டுக்கு ஐந்து மார்க் வருமானம் தரும் சொந்த நிலம் உள்ளவருக்கு மட்டுமே அன்னம் வைத்துக்கொள்ளத் தகுதி. அன்னம் அந்தஸ்தின் அடையாளமாக இருந்தது. அதைவிட முக்கியமாக, அது சாப்பாடாக இருந்தது. அரண்மனை விருந்துகளிலும் வணிகக் குழுமங்களின் விருந்துகளிலும் வறுத்த அன்னத்துக்குத் தனி மரியாதை. 1490-களில் இங்கிலாந்துக்கு வந்த வெனிஸ் தூதுக்குழுவைச் சேர்ந்த ஒருவர், தேம்ஸில் ஆயிரம் இரண்டாயிரம் என்ற கணக்கில் அன்னங்கள் இருந்ததை வியந்து எழுதிவைத்திருக்கிறார்.

உடைமை என்று வந்துவிட்டால் அடையாளம் வேண்டும். அன்னக்குஞ்சின் அலகில் கத்தியால் கீறிக் குறி போட்டார்கள். ஒவ்வொரு உரிமையாளருக்கும் ஒரு குறி. அத்தகைய நூற்றுக்கணக்கான குறிகள் பழைய பதிவேடுகளில் வரைந்து வைக்கப்பட்டிருக்கின்றன. தேம்ஸைப் பொறுத்தவரை அரசரோடு சேர்த்து இன்றுவரை உரிமை நீடிப்பது இரண்டு குழுமங்களுக்கு மட்டும். ஒன்று மது வணிகர்களின் வின்ட்னர்ஸ் குழுமம், மற்றொன்று சாயத் தொழிலாளர்களின் டையர்ஸ் குழுமம். பதினைந்தாம் நூற்றாண்டில் கிடைத்த உரிமை அது. டையர்ஸ் பறவைக்கு அலகில் ஒரு கீறல், வின்ட்னர்ஸ் பறவைக்கு இரண்டு. அரசரின் பறவைக்குக் கீறல் கிடையாது. குறி போடுவதோடும் நிற்கவில்லை. பறந்து போய்விடாதபடி இறக்கையின் நுனி எலும்பை வெட்டிவிடும் வழக்கமும் இருந்தது.

அந்தக் காலத்தில் பாதுகாப்பே இல்லை என்று சொல்லிவிட முடியாது. முட்டை திருடினால் சிறை. கூடு கட்டும் இடத்தைக் கலைத்தால் தண்டனை. ஆனால் அந்தக் காவலெல்லாம் பறவைக்காக இருக்கவில்லை, பறவையின் சொந்தக்காரருக்காக இருந்தது.

ஆண்டுதோறும் ஜூலை மூன்றாம் வாரத்தில் நடக்கும் ‘ஸ்வான் அப்பிங்’ அந்த உடைமை ஏற்பாட்டின் மையம். அரசரின் ஆட்களும் இரண்டு குழுமங்களின் ஆட்களும் துடுப்புப் படகுகளில் ஆற்றை எதிர்த்துப் போவார்கள். அன்னக் குடும்பம் கண்ணில் பட்டதும் ‘ஆல் அப்!’ என்று குரல் எழும். படகுகள் வட்டமாக நெருங்கிப் பறவைகளை நடுவில் அடைக்கும். தாய் தந்தையின் குறியைப் பார்த்துக் குஞ்சுகளுக்கும் அதே குறி. ஜூலை மாதத்தைத் தேர்ந்ததில் ஒரு கணக்கு உண்டு. அப்போது குஞ்சுகளுக்குப் பறக்க வராது, பெரிய பறவைகளும் இறகுதிர்த்துத் தண்ணீரிலேயே இருக்கும். குக்கம் ஊர் ஓவியர் ஸ்டான்லி ஸ்பென்சர் இந்தக் காட்சியை வரையத் தொடங்கியது 1915-ல். பாதியில் விட்டுவிட்டு முதல் உலகப் போருக்குப் போனவர், திரும்பி வந்து 1919-ல் அதை முடித்தார். அந்தப் படத்தில் அன்னத்தைச் சுற்றிக் கட்டிச் சுமந்து போகிறார்கள். இன்றைய மீட்புத் தொண்டர்களும் கிட்டத்தட்ட அப்படித்தான் தூக்குகிறார்கள். கொண்டுபோகும் இடமும் நோக்கமும்தான் வேறு.

ஈயம் கொன்ற விதம்

வான்கோழி வந்து, வாத்து மலிந்து, அன்ன இறைச்சி மேசையை விட்டுப் போனது. இருபதாம் நூற்றாண்டில் அன்னம் ஆற்றின் அலங்காரமாக நிம்மதியாக வாழ்ந்தது. அதை வீழ்த்தியது கடுகளவிலிருந்து பட்டாணி அளவு வரை இருக்கும் ஈயக்குண்டு.

தூண்டில் நரம்பில் இரையைத் தண்ணீருக்குள் இறக்கவும் தக்கையை நிமிர்த்தி நிறுத்தவும் மீன்பிடிப்போர் சின்னச் சின்ன ஈயக்குண்டுகளை நரம்பில் கடித்து இறுக்குவார்கள். கடிக்கும்போதே சில கைதவறி விழும். நரம்பு பாசியில் சிக்கி அறுந்தால் குண்டோடு ஆற்றில் தங்கிவிடும். இப்படி ஆண்டுக்கணக்கில் ஆற்றடியிலும் கரைச்சேற்றிலும் ஈயம் சேர்ந்தது.

அன்னத்துக்குப் பல் இல்லை. நீர்ப்பாசியையும் புல்லையும் விழுங்கிவிட்டு, வயிற்றிலிருக்கும் அரைவைப்பை என்ற தடித்த தசைப்பையில்தான் அரைக்கும். அரைப்பதற்குக் கல் வேண்டும் என்பதால் ஆற்றடியில் பொடிக்கற்களைத் தேடி விழுங்குவது அதன் இயல்பு. கல் என்று நினைத்து ஈயக்குண்டையும் விழுங்கியது. மற்றக் கற்களோடு உரசி உரசி ஈயம் தேய்ந்து, வயிற்று அமிலத்தில் கரைந்து இரத்தத்தில் ஏறியது.

ஈயம் முதலில் தாக்குவது நரம்புகளையும் தசைகளையும். உணவுக்குழாயின் தசை செயலிழந்துவிடும். பறவை தின்னும், தின்றது கீழே இறங்காது. கழுத்து நிறைய உணவை வைத்துக்கொண்டே பட்டினியில் எலும்பும் தோலுமாகும். நிமிர்ந்து நிற்க வேண்டிய கழுத்து அடியில் மடிந்து முதுகின்மேல் சரியும். அந்தக் கோணல் கழுத்தைப் பார்த்ததுமே அந்நாளைய ஆற்றோர மக்களுக்குத் தெரிந்துவிடும், இது இன்னும் சில நாள்தான் என்று.

ஷேக்ஸ்பியர் பிறந்த ஸ்ட்ராட்ஃபர்டில் ஏவான் ஆற்றின் அன்னக்கூட்டம் ஊரின் பெருமை. எழுபதுகளின் இறுதிக்குள் அந்தக் கூட்டமே கிட்டத்தட்ட மறைந்துபோனது. ஆக்ஸ்ஃபர்டு பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டோபர் பெரின்ஸ், மைக் பர்க்ஹெட் போன்ற பறவை ஆய்வாளர்கள் இறந்த பறவைகளை அறுத்துப் பார்த்தும், உயிரோடிருப்பவற்றின் இரத்தத்தைச் சோதித்தும் வந்தார்கள். ஆற்று மீன்பிடிப் பருவம் ஜூன் 16-ல் தொடங்கும். அதையொட்டி அன்னங்களின் இரத்தத்தில் ஈயம் கூடுவதை அவர்களால் காட்ட முடிந்தது. 1981-ல் இயற்கைப் பாதுகாப்பு கவுன்சில் வெளியிட்ட அறிக்கை, நாட்டில் ஆண்டுக்கு மூவாயிரத்துக்கும் மேற்பட்ட அன்னங்கள் ஈய நஞ்சால் சாகின்றன என்று மதிப்பிட்டது.

தூக்கிக்கொண்டு போனவர்கள்

அறிக்கை வந்த பிறகும் ஈயத்தைக் கைவிடுவதை மீன்பிடிப்போரின் மனச்சாட்சிக்கே அரசு விட்டது. தாங்களாகவே மாறிக்கொள்ளட்டும் என்றது. ஆண்டுகள் போயின, பறவைகளும் போயின. அந்த இடைவெளியில்தான் ஆற்றோர ஊர்களில் தொண்டர்கள் முளைத்தார்கள்.

எகம் என்ற ஊரில் ஒரு பெண்மணி அடிபட்ட அன்னங்களைத் தன் வீட்டுக்கே எடுத்து வந்து பார்த்துக்கொள்ளத் தொடங்கினார். தோட்டத்தில் தொடங்கிய அந்த வேலை வளர்ந்து ‘தி ஸ்வான் சாங்சுவரி’ என்ற மருத்துவ மையமாகி, பின்பு ஷெப்பர்ட்டனுக்கு இடம் மாறி, இன்று நாட்டிலேயே அறியப்பட்ட அன்ன மருத்துவமனையாக நிற்கிறது. விண்ட்சருக்கு எதிர்க்கரையான ஈட்டனில், குக்கூ வியர் என்ற ஆற்றுத்தீவில் ‘ஸ்வான் லைஃப்லைன்’ 1986-ல் உருவானது. தேம்ஸ் பள்ளத்தாக்கு முழுவதும் அழைத்த இடத்துக்கு ஓடும் தொண்டர் அமைப்பு அது.

அந்த நாட்களில் ஈயம் ஏறிய பறவையைக் காப்பாற்றுவதென்பது நீண்ட மல்லுக்கட்டு. எக்ஸ்ரே எடுத்து அரைவைப்பையில் குண்டுகள் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரிகின்றனவா என்று பார்க்க வேண்டும். குழாய் விட்டுத் தண்ணீரைப் பீய்ச்சி அவற்றை வெளியேற்ற வேண்டும். இரத்தத்தில் கலந்துவிட்ட ஈயத்தைப் பற்றிக்கொண்டு சிறுநீர் வழியே வெளியேற்றும் மருந்தை ஊசியில் ஏற்ற வேண்டும். கழுத்து நிமிரும்வரை குழாய் வழியே ஊட்ட வேண்டும். வாரக்கணக்கில் நடக்கும் இந்த வேலையின் முடிவில் பறவை ஆற்றுக்குத் திரும்பும். அதே ஆற்றில் அதே ஈயம் காத்திருக்கும். காப்பாற்றி விட்ட பறவை மறுபடியும் நஞ்சேறித் திரும்பி வருவதைப் பார்க்கும் வேதனை அந்தத் தலைமுறைத் தொண்டர்களுக்குப் பழகிப்போன ஒன்று.

அவர்கள் செய்த காரியங்களில் மிகப் பெரியதாக நான் நினைப்பது இதைத்தான்: ஒவ்வொரு பறவையையும் தூக்கியதோடு அவர்கள் நிறுத்திக்கொள்ளவில்லை. எங்கே கிடந்தது, எத்தனை குண்டு இருந்தது, பிழைத்ததா, செத்ததா என்று குறித்து வைத்தார்கள். செத்த பறவைகளை ஆய்வுக்குக் கொடுத்தார்கள். பத்திரிகைக்காரர்களை அழைத்துக் காட்டினார்கள். பல்கலைக்கழகத்தின் அட்டவணையில் எண்ணாக இருந்தது, மக்களின் கண்ணுக்கு முன்னால் கழுத்து மடிந்த பறவையாக வந்து நின்றது. இரக்கமும் சான்றும் ஒரே கையில் சேர்ந்த இடம் அது.

1987: ஆறு மாறிய ஆண்டு

1987 ஜனவரி 1 முதல், 0.06 கிராமுக்கும் 28.35 கிராமுக்கும் இடைப்பட்ட எடையுள்ள ஈயக்குண்டுகளைத் தூண்டிலுக்காக இறக்குமதி செய்வதும் விற்பதும் தடைசெய்யப்பட்டன. ஆற்று நிர்வாகங்கள் பயன்பாட்டுக்கும் தடை போட்டன. டங்ஸ்டன், இரும்பு போன்ற நஞ்சில்லாத உலோகங்களில் குண்டுகள் கடைக்கு வந்தன. தொடக்கத்தில் மீன்பிடிப்போர் சிலர் முணுமுணுத்தார்கள். புதுக்குண்டு நரம்பில் சரியாகப் பிடிப்பதில்லை என்றார்கள். சில பருவங்களில் கை பழகிவிட்டது.

பறவைகளின் இரத்தத்தில் ஈயம் குறைந்தது. மீட்பு மையங்களுக்குக் கோணல் கழுத்தோடு வருபவை குறைந்தன. தொண்ணூறுகளில் தேம்ஸின் எண்ணிக்கை ஏறியது. குளிர் குறைந்த குளிர்காலங்களும் அன்னங்கள் மேயக்கூடிய கடுகினப் பயிர்வயல்கள் பரவியதும் கைகொடுத்திருக்கின்றன என்று ஆய்வாளர்கள் சொல்வதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். ஆனால் ஈயம் நின்றிராவிட்டால் மற்ற எந்த அனுகூலமும் பயன்பட்டிருக்காது.

ஆட்சேபிக்கத்தக்க ஒரு மிச்சமும் உண்டு. 0.06 கிராமுக்குக் கீழ்ப்பட்ட பொடிக்குண்டுகள் தடைக்குள் வரவில்லை. பழைய ஈயம் ஆற்றடியில் கிடக்கிறது. கோடையில் தண்ணீர் இறங்கும்போது சேற்றைக் கிளறும் பறவைகளுக்கு அது இன்னும் கிடைக்கிறது. அதனால் இன்றும் மையத்துக்கு வரும் அன்னத்துக்கு முதலில் நடக்கும் சோதனைகளில் இரத்த ஈயச் சோதனை உண்டு.

இன்று: அழைப்பு வந்தால்

இன்றைய தொண்டரின் வண்டியில் சில சாமான்கள் எப்போதும் இருக்கும். நுனியில் வளைந்த கொக்கியுள்ள நீண்ட கழி, கழுத்தை மென்மையாக வளைத்துப் பிடித்துக் கரைக்கு இழுக்க. இறக்கைகளை உடலோடு அணைத்துக் கட்டும் துணிச்சட்டை. துண்டுகள், கையுறை, தானியம், கத்தரிக்கோல். ஆண் அன்னம் பத்துப் பன்னிரண்டு கிலோ எடை இருக்கும். இறக்கை விரித்தால் இரண்டு மீட்டருக்கும் மேல். மிரண்ட பறவையை இருகையாலும் அணைத்து, இறக்கையை உதறவிடாமல், கழுத்தைத் தன் முதுகுப்பக்கம் போகவிட்டுத் தூக்கும் பக்குவம் பழகினால்தான் வரும். சட்டைக்குள் வைத்துக் கட்டியதும் பெரும்பாலான அன்னங்கள் அடங்கிவிடுகின்றன.

அழைப்புகளின் தன்மை இப்போது பலவிதம். தூண்டில் நரம்பு நாக்கைச் சுற்றி இறுகிக் கிடக்கும், முள் தொண்டையில் குத்தியிருக்கும். இது அன்றிலிருந்து இன்றுவரை குறையாத அழைப்பு. மின்கம்பியில் மோதி விழுந்தவை வரும். மழை பெய்து பளபளக்கும் தார்ச்சாலையை ஆறு என்று நம்பி இறங்கிவிட்டவை வரும். அன்னம் மேலெழ நீண்ட தண்ணீர்ப்பரப்பு வேண்டும். தண்ணீரில் ஓடி ஓடித்தான் அதன் உடம்பு காற்றில் ஏறும். சாலையில் இறங்கியது காயமில்லாமல் இருந்தாலும் யாராவது தூக்கிப்போய் ஆற்றில் விட்டால்தான் அது பறக்கும். கட்டவிழ்த்துவிட்ட நாய் கடித்தவை, படகின் சுழல்விசிறி கிழித்தவை, எண்ணெய் படிந்தவை என்று பட்டியல் நீள்கிறது.

மையத்துக்குள் காயம் மட்டும் பிரச்சினை அல்ல. தண்ணீரில் மிதக்கப் பிறந்த கனத்த உடம்பு தரையில் நெடுநேரம் நின்றால் கால் புண்ணாகிவிடும். அதனால் தேறிவரும் பறவைக்குத் தொட்டியும் குளமும் வேண்டும். தாயிழந்த குஞ்சுகளைச் சேர்த்து வளர்க்க வேண்டும். விடும்போதும் யோசித்து விட வேண்டும். ஜோடி சேர்ந்த பறவை தன் எல்லைக்குள் இன்னொன்றை அண்டவிடாது, அடித்தே கொன்றுவிடவும் கூடும். குடும்பப் பறவையை அதன் ஜோடியிடமே கொண்டுபோய் விடுகிறார்கள். இளம் பறவையை விண்ட்சர் போன்ற இடங்களில் திரியும் பெருங்கூட்டத்தோடு சேர்க்கிறார்கள்.

1981-ன் வனவிலங்கு மற்றும் நாட்டுப்புறச் சட்டம் இந்த வேலைக்கு ஓர் எல்லை வரைந்திருக்கிறது. காட்டுப் பறவையைப் பிடிப்பது குற்றம். ஆனால் செயலிழந்த பறவையைச் சிகிச்சைக்காகவும், தேறியதும் விடுவிப்பதற்காகவும் மட்டும் எடுக்கலாம். 1482-ன் சட்டம் யார் வைத்துக்கொள்ளலாம் என்று வகுத்தது. ஐந்நூறு ஆண்டுகள் கழித்து வந்த சட்டம், விட்டுவிடும் எண்ணத்தோடு வருகிறவர் தொடலாம் என்கிறது. தேம்ஸ் கரையில் நடந்த மாற்றம் முழுவதும் இந்த இரண்டு சட்டங்களுக்கு நடுவில் இருக்கிறது.

மாறிய எண்ணிக்கை விழா

ஸ்வான் அப்பிங் நிற்கவில்லை. ஆறு துடுப்புப் படகுகள், சிவப்பும் நீலமும் வெள்ளையுமான சீருடைகள், ‘ஆல் அப்!’ குரல் எல்லாம் அப்படியே. சன்பரியில் தொடங்கி அபிங்டன் வரை 79 மைல், ஐந்து நாள். ஆனால் உள்ளடக்கம் வேறாகிவிட்டது. 1993-ல் அரண்மனை பழைய அன்னக் காப்பாளர் பதவியை இரண்டாகப் பிரித்தது. படகுகளை நடத்த டேவிட் பார்பர் அரச அன்னக் கணக்காளரானார். அறிவியல் பொறுப்புக்கு, ஈய நஞ்சை ஆராய்ந்த அதே பேராசிரியர் பெரின்ஸ் வந்தார். உடைமையைக் கணக்கிட்ட விழாவுக்குள் பறவையின் நலம் அதிகாரபூர்வமாக நுழைந்த ஆண்டு அது.

இப்போது அலகைக் கீறுவதில்லை. காலில் எண்ணிட்ட வளையம் போடுகிறார்கள். ஒவ்வொரு குஞ்சையும் எடை போட்டு, அளந்து, நரம்போ முள்ளோ சிக்கியிருக்கிறதா என்று பார்க்கிறார்கள். காயம் கண்டால் அங்கேயே கவனிக்கிறார்கள், முடியாததை மீட்பு மையத்துக்கு அனுப்புகிறார்கள். வழியில் ஆற்றோரப் பள்ளிகளின் பிள்ளைகளை அழைத்துக் குஞ்சைக் கிட்டத்தில் காட்டிப் பாடம் சொல்கிறார்கள். 2009-ல் ராணி எலிசபெத்தே நேரில் வந்து பார்த்தார். அரசர்கள் இதை நேரில் பார்த்துப் பல நூற்றாண்டுகள் ஆகியிருந்தன. ஒரு காலத்தில் விருந்துக்கு எத்தனை கிடைக்கும் என்று எண்ணிய அதே படகுகள், இன்று எத்தனை உயிர் நலமாக இருக்கிறது என்று எண்ணுகின்றன.

ரொட்டித்துண்டு விவாதம்

தென்மேற்கு லண்டனில் கிங்ஸ்டன், நியூ மால்டன், டோல்வொர்த் பக்கம் ஈழத்தமிழ்க் குடும்பங்கள் நிறைய. ஞாயிறு மாலையில் ஆற்றங்கரைக்குப் பேரப்பிள்ளையைக் கூட்டி வரும் அம்மம்மாக்களைப் பார்க்கலாம். “அம்மம்மா, இது கடிக்குமோ?” என்று பிள்ளை ஒட்டிக்கொள்ளும். “கிட்டப் போகாதை பிள்ளை, தூரத்திலை நிண்டு போடு” என்று அம்மம்மா பையைத் திறப்பார். பையில் இருப்பது பெரும்பாலும் ரொட்டி.

அன்று இது யாருக்கும் பிரச்சினையாகப் படவில்லை. தலைமுறை தலைமுறையாக ஆற்றுப் பறவைகளுக்கு ரொட்டி போட்டே பழக்கம். பிறகு ரொட்டி கெடுதல் என்ற பிரசாரம் பரவியது. இறக்கை திருகிப்போகும், தண்ணீர் கெடும், போடாதீர்கள் என்று பலகைகள் எழுந்தன. மக்கள் ரொட்டியை நிறுத்தினார்கள். மாற்றாக எதையும் போடவில்லை. குளிர்காலத்தில் பசியால் மெலிந்த அன்னங்கள் மீட்பு மையங்களின் கவனத்துக்கு வரத் தொடங்கின. 2018-ல் பேராசிரியர் பெரின்ஸ் தம் கருத்தை வெளியிட்டார்: ரொட்டிக்கும் இறக்கைத் திருகலுக்கும் தொடர்பு இருப்பதற்குச் சான்று இல்லை, பூஞ்சை பிடித்ததைத் தவிர்த்தால் போதும், குளிரில் ரொட்டியும் அவற்றுக்குச் சக்தி தருகிறது என்றார்.

இதில் நான் கற்றுக்கொள்வது இது: அன்பினால் செய்யும் காரியமும், அக்கறையினால் சொல்லும் தடையும், இரண்டுமே பறவையைப் பார்த்துத்தான் முடிவாக வேண்டும். கோதுமை, நறுக்கிய லெட்டூஸ், பட்டாணி இருந்தால் சிறப்பு. தரையில் போடுவதைவிடத் தண்ணீரில் போடுவது நல்லது. அன்னம் கரையேறிச் சாலைக்கு வராது, விழுங்கத் தேவையான தண்ணீரும் உடனே கிடைக்கும். கையில் இருப்பது ரொட்டி மட்டும்தான் என்றால், குளிரில் அதையும் கொஞ்சம் போடலாம்.

இன்னும் தீராதது

2021-க்குப் பிறகு வந்த பறவைக் காய்ச்சல் தொண்டர்களின் வேலையையே தலைகீழாக்கியது. ஈயம் தொற்றாது, இது தொற்றும். கழுத்து தள்ளாடும் பறவையைக் கண்டதும் ஓடிப்போய் அணைத்துத் தூக்கிய கைகள், முழுக்கவசம் அணிந்து, முகக்கவசம் மாட்டி, அதைத் தனியறையில் வைக்கப் பழக வேண்டியிருந்தது. ஒரு பறவையை உள்ளே விட்டால் மையத்திலுள்ள அத்தனையும் போய்விடக்கூடும். 2022-ன் தொடக்கத்தில் விண்ட்சர் கூட்டத்தில் காய்ச்சல் புகுந்து பல பறவைகளைக் கொல்ல வேண்டி வந்தது. தாங்கள் வளர்த்து விட்டவற்றையும் அந்தக் கூட்டத்தில் அறிந்திருந்தவர்களுக்கு அது எப்படியிருந்திருக்கும் என்று எழுத என்னிடம் சொல் இல்லை. 2022 ஜூலையில் 155 குஞ்சுகளை எண்ணியவர்கள், 2023-ல் எண்ணியது 94.

அந்தச் சரிவுக்குக் காய்ச்சலை மட்டும் காரணமாகச் சொல்லவில்லை. கவண்கல்லையும் நாய்களையும் சேர்த்தே சொன்னார்கள். இணையத்தில் சில பவுண்டுக்குக் கிடைக்கும் கவண், இரும்புக்குண்டோடு, கூட்டிலிருக்கும் அன்னத்தின் மண்டையைப் பிளக்கப் போதுமானது. அடைகாக்கும் முப்பத்தைந்து நாளில் தாய் கூட்டைவிட்டு அதிகம் அசையாது. குறிபார்க்க அதைவிட எளிதான இலக்கு ஆற்றில் இல்லை. அது போனால் முட்டைகளும் போகும். ஈயம் அறியாமையில் விழுந்த நஞ்சு. தூண்டில் போட்டவர் யாரும் அன்னத்தைக் கொல்ல நினைக்கவில்லை. கவண் வேறு. அதனால் இதை மனமாற்றத்துக்கு மட்டும் விட்டுவிட்டுக் காத்திருக்க முடியாது. எண்பதுகளில் அப்படிக் காத்திருந்ததன் விலை எவ்வளவு என்பதை இந்த ஆறு அறியும்.

மீன்பிடிப்போர் பக்கம் நடந்த மாற்றம் நம்பிக்கை தருகிறது. கழிவு நரம்பைச் சேகரிக்கப் பெட்டி வைத்திருக்கும் தூண்டில் கடைகள் இன்று உண்டு. சிக்கிய பறவையைக் கண்டு மீட்பு மையத்துக்குத் தொலைபேசியில் சொல்பவர்களில் தூண்டில்காரர்களும் இருக்கிறார்கள். நாளெல்லாம் ஆற்றைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பவரைவிட நல்ல காவலர் யார்? எதிரணி என்று கருதப்பட்டவர்கள் இந்தப் பக்கம் வந்ததற்குக் காரணம் யாரும் திட்டியது அல்ல. எக்ஸ்ரேயில் தெரிந்த வெள்ளைப் புள்ளிகளை அவர்களுக்குப் பொறுமையாகக் காட்டியதுதான்.

மீட்பு மையங்கள் இப்போதும் அதே வழியில்தான் போகின்றன. உடம்பில் புதைந்த குண்டின் படத்தை எடுத்து வைக்கிறார்கள், பறவை கிடந்த இடத்தையும் நேரத்தையும் எழுதுகிறார்கள், காவல்துறைக்குச் சொல்கிறார்கள், கவணைக் கட்டுப்படுத்தும் சட்டம் வேண்டும் என்று கேட்கிறார்கள். சம்பளமில்லாத அந்த வேலைக்குக் கரையில் நடக்கிற நம்மால் முடிந்த துணை சிறியதுதான்: நாயைக் கயிற்றில் பிடிப்பது, கிடக்கும் நரம்பை எடுத்துப் பையில் போட்டுக்கொள்வது, அடிபட்ட பறவையைக் கண்டால் கடந்து போகாமல் அழைத்துச் சொல்வது, கவண் பிடித்த பையனைப் பார்த்தால் நின்று கேட்பது. ஈயத்தை ஆற்றைவிட்டு விரட்ட, இறந்த பறவைகளின் கணக்கு பல ஆண்டுகள் சேர வேண்டியிருந்தது. கவணுக்கு அத்தனை ஆண்டுகள் தேவையில்லை. கணக்கு ஏற்கெனவே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது, அதை வாசித்துச் சட்டமாக்குவதுதான் பாக்கி.